கேளுங்க, சொல்றேன்: "சாட் திறந்து வச்சிருக்கோம், யாரும் எழுதல"

கேள்வி: அக்கா, நான் சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு லைப்ரரில வேலை பாக்குறேன். வீட்டுல இருந்தே சந்தேகம் கேக்கலாம்னு சாட், ஈமெயில் ரெண்டும் ஆரம்பிச்சு ஆறு மாசம் ஆச்சு, 'ஆன்லைன் ரெஃபரன்ஸ் சர்வீஸ்'னு பெரிய போஸ்டர்கூட ஒட்டினோம், ஆனா வாரத்துக்கு ரெண்டு மூணு பேர்தான் எழுதுறாங்க, அதுலயும் பாதி 'நாளைக்கு திறந்திருக்கா'ன்னுதான் வருது. மேலதிகாரி நிறுத்திடலாமான்னு பேசுறாரு. ஜனங்களுக்கு இதை எப்படிக்கா கொண்டு போய் சேக்குறது? (ஒரு வாசகி, டர்பன், தென்னாப்பிரிக்கா)

பதில்: நிறுத்த விட்டுடாத தங்கச்சி. நானும் ரொம்ப வருஷம் லைப்ரரில ஜனங்க கேக்குறதுக்கு பதில் சொல்ற மேஜைல உக்காந்தவதான், அதனால மனசுல பட்டதை சொல்றேன்.

மொதல்ல அந்த போஸ்டரை கழட்டு. நம்ம ஜனங்களுக்கு ரெஃபரன்ஸ்னா என்ன தெரியுமா, புக்குல 'ரெஃபரன்ஸ் மட்டும்'னு ஒட்டியிருக்குமே, வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு, அதுதான் ஞாபகம் வரும், இல்லன்னா வேலைக்கு அப்ளை பண்ணும்போது கேக்குற ரெஃபரன்ஸ். 'எங்ககிட்ட கேளுங்க, தேடிக் குடுக்குறோம், காசு வேணாம்'னு போடு, போதும். பேரை விட முக்கியம், அதுக்குக் கீழ நெசமா வந்த ஒரு கேள்வியைப் போடணும், ஏன்னா என்ன கேக்கலாம்னு தெரியாமத்தான் பாதிப் பேர் கேக்குறதில்ல, மீதிப் பேர் 'இவ்ளோ சின்ன விஷயத்துக்கு அவங்கள தொந்தரவு பண்ணணுமா'ன்னு விட்டுடுறாங்க.

எங்க மேஜைக்கு ஒரு தடவை வெருலம் பக்கத்துல இருந்து ஒரு ஆன்ட்டி எழுதினாங்க, "சின்ன விஷயம்தான் மன்னிச்சுக்கோங்க"ன்னு ஆரம்பிச்சு. தாத்தாவோட பழைய கல்யாண பேப்பர்ல பேருக்குப் பக்கத்துல ஒரு நம்பர் இருக்கு, ஏதோ வரி நம்பர்னு இவ்ளோ நாளா நெனச்சிருந்தாங்களாம். அது கலோனியல் நம்பர். 1860ல இருந்து 1911 வரைக்கும் கூலி வேலை ஒப்பந்தத்துல இந்தியால இருந்து நேட்டாலுக்கு, அதான் நம்ம டர்பன் இருக்குற மாகாணத்துக்கு, கப்பல்ல வந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேல ஆளுங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் குடுத்து எழுதி வச்சாங்க. அந்தக் கப்பல் லிஸ்ட்ல பேரு, அப்பா பேரு, வயசு, ஜாதி, ஜில்லா, ஊரு, ஒடம்புல இருக்குற தழும்பு வரைக்கும் இருக்கும். வெஸ்ட்வில்ல யுனிவர்சிட்டில இருக்குற காந்தி-லுதூலி டாக்குமென்டேஷன் சென்டர்ல அதைப் பாக்கலாம்னு சொல்லி, எப்படித் தேடணும்னு எழுதி அனுப்பினோம். லிஸ்ட்ல தாத்தாவைப் பத்தி எழுதின எடம் கெடச்சுது, ஆனா ஊர் பேரு கிளார்க் காதுல விழுந்தபடி இங்கிலீஷ்ல கிறுக்கி வச்சது, படிச்சா ஒண்ணும் புரியல. போன்ல நான் ஒரு தடவை மெதுவா வாய்விட்டு சொன்னேன், அவங்க ரெண்டு தடவை சொல்லிப் பாத்தாங்க, மூணாவது தடவை "அய்யோ இது நம்ம ஆயா சொல்லுற ஊருல்ல!"ன்னு அழுதுட்டாங்க. இப்படி ஒண்ணை, பேரு அடையாளம் இல்லாம, கேட்டவங்க சம்மதத்தோட போட்டுப் பாரு, கோவெண்டர், பிள்ளை, நாயுடு, மூட்லின்னு எத்தனை வீட்டுல அந்த மாதிரி ஒரு பழைய பேப்பர் பெட்டில கெடக்குது.

அடுத்தது எடம். வாசல் போஸ்டரைப் பாக்குறவன் லைப்ரரிக்குள்ள வந்துட்டவன், அவனுக்கு நீயே எதுக்க நிக்குற. வீட்டுல மாட்டிக்கிட்டு நிக்குறவன் கண்ணுல படணும். கேட்டலாக்ல தேடி 'ஒண்ணும் இல்லை'ன்னு வருதுல்ல, அந்தப் பக்கத்துலயே சாட் பட்டனை வைக்கச் சொல்லு. திருப்பிக் குடுக்குற தேதி அடிக்குற சீட்டுல ஒரு வரி. மெட்ரிக், அதான் பன்னெண்டாம் கிளாஸ் பரீட்சை அக்டோபர், நவம்பர்ல, அதனால ஆகஸ்டுலயே ஸ்கூல் டீச்சர்ங்ககிட்ட சொல்லி வை. ஆடில அம்மனுக்கு கூழ் ஊத்துற அன்னைக்கு, காவடி அன்னைக்கு கோயில் கமிட்டிகிட்ட கேட்டு சின்ன சீட்டு குடு, டேட்டா செலவுக்கு பயப்படுவாங்க, வெறும் எழுத்துதான் அதிகம் டேட்டா போகாதுன்னு அதுலயே சொல்லிடு.

ஆனா இதெல்லாத்தையும் விட கவுண்டர்ல நிக்குற ஆள் வாய்தான் பலம். ஒருத்தர் கெளம்பும்போது "வீட்டுக்குப் போய் வேற எதுனா தோணினா இதுல எழுதுங்க, நான்தான் பாப்பேன்"னு சொல்லிப் பாரு. மொகம் தெரிஞ்ச ஆளுக்கு எழுதுவாங்க, மெஷினுக்கு எழுத மாட்டாங்க. அதுக்கு மொதல்ல உங்க ஸ்டாஃப் எல்லாருமே ஒரு தடவை அந்த சாட்ல கேள்வி கேட்டுப் பாத்திருக்கணும், அவங்களுக்கே தெரியலன்னா எப்படி சொல்லுவாங்க?

எழுதினா பதில் வரணும், அதுல வெளையாடக்கூடாது. எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும் ஆள் இருப்பாங்கன்னு போடு, கரண்ட் போனாலும் 'நாளைக்குள்ள பதில் வரும்'னு தானா போற மாதிரி வை. ஒரு தடவை எழுதி பதில் வரலன்னா அந்த ஆள் திரும்ப வரமாட்டாரு, பக்கத்து வீட்டுலயும் சொல்லிடுவாரு.

நம்ம சீர்காழில பொறந்த ரங்கநாதன் 1931லயே நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதினாருல்ல, நாலாவது விதியே வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்தணும்னுதான். வெருலத்துல இருந்து ரெண்டு டாக்சி மாறி வர்ற ஆன்ட்டிக்கு உங்க சாட் அதைத்தான் பண்ணுது. மேலதிகாரிகிட்ட எண்ணிக்கையை காட்டாத, இந்த ஆறு மாசத்துல வந்ததுல நல்ல கேள்வி பத்தும் அதுக்கு குடுத்த பதிலும் பிரிண்ட் எடுத்து மேஜைல வை, நவம்பர் முடியுற வரைக்கும் டைம் கேளு.