பின்பக்க ஏர் சஸ்பென்ஷனைக் கழற்றிக் காயில் ஸ்பிரிங் போடலாமா? கேள்விகளும் பதில்களும்

டிஸ்கவரி 2, பிராடோ 120, லெக்சஸ் ஜிஎக்ஸ் 470 மாதிரி வண்டிகள் பலவற்றில் முன்பக்கம் காயில் (சுருள் கம்பி ஸ்பிரிங்) இருக்கும், பின்பக்கம் மட்டும் அதற்குப் பதில் காற்று நிரப்பிய ரப்பர் பை, அதாவது காற்றுப்பை. வயதாகிவிட்ட இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, ராத்திரி நிறுத்தினால் காலையில் பின்பக்கம் தரையோடு உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்தால் எழும்பிவிடுகிறது. காயிலுக்கு மாறிவிடவா?

அவசரப்படாதீர்கள். முதலில் எங்கே கசிகிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சாய்ந்தால் பெரும்பாலும் அந்தப் பக்கத்துப் பைதான். இரண்டும் சமமாக இறங்கினால் வால்வு, குழாய், இணைப்பு எல்லாவற்றையும் சந்தேகப்படலாம். சேசிஸை (வண்டியின் அடிச்சட்டத்தை) ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, பையின் அடிப்பகுதியில் ரப்பர் உள்பக்கமாக மடிகிற இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். வெடிப்பு அங்கேதான் தொடங்கும். வண்டி தாழ்ந்திருக்கும்போது மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும், உயர்த்தினால்தான் கண்ணில் படும். நுரை பொங்கினால் பை போய்விட்டது என்று அர்த்தம்.

கசிவோடு மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். விட்ட காற்றை நிரப்பக் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி, கடைசியில் அதுவும் எரிந்துபோகும். அப்போது செலவு இரட்டிப்பு.

சரி, பை போய்விட்டது. புதுப் பையா, காயிலா? நீங்கள் என்றால் எதைப் போடுவீர்கள்?

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பின்னால் ஏற்றும் சுமை எவ்வளவு மாறுகிறது? இன்றைக்குக் காலி வண்டி, நாளைக்கு ஏழு பேரும் மூட்டைகளும், மறுநாள் டிரெய்லர் என்றால் புதுப் பையே போடுங்கள். சுமைக்கு ஏற்ப அழுத்தத்தைக் கூட்டி உயரத்தை அப்படியே வைத்திருப்பது காற்றால் மட்டும் முடிகிற வேலை. காயிலுக்கு ஒரே ஒரு கடினத்தன்மைதான்.

கணக்குப் போட்டால் புரியும். ஒரு மி.மீ. அமுங்க 4 கிலோ தேவைப்படும் ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்வோம். பின் ஆக்சிலுக்கு (இரு பின்சக்கரங்களையும் தாங்கும் அச்சுக்கு) மேல் 200 கிலோ ஏற்றினால் பக்கத்துக்கு 100 கிலோ, வண்டி 25 மி.மீ. இறங்கும். 3 கிலோ ஸ்பிரிங்கானால் 33 மி.மீ. காற்றுப்பையில் இந்த இறக்கத்தைச் சில நிமிடங்களில் கம்ப்ரசர் சரிசெய்துவிடும்.

டிராயர், ஃபிரிட்ஜ், கூடுதல் டேங்க் என்று சுமை நிரந்தரமாகப் பின்னால் உட்கார்ந்திருக்கிற வண்டிக்கு, அதுவும் ஒர்க்‌ஷாப் இல்லாத இடங்களுக்குப் போகிற வண்டிக்கு, காயில்தான் என் தேர்வு. உடைகிற பொருள் குறைவு, அவ்வளவுதான்.

அப்படியானால் இருப்பதிலேயே கடினமான ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டால் கவலையே இல்லையே, சார்?

காலியாக ஓட்டும்போது முதுகு கவலைப்படும். ஒரு பின்சக்கரத்தின் மேல் 350 கிலோ மட்டும் இருக்கும்போது அந்த 4 கிலோ ஸ்பிரிங் நொடிக்குச் சுமார் 1.7 தடவை ஆடும். சுமை 500 கிலோவானால் அதுவே 1.4க்கு இறங்கி, மெத்தென்று இருக்கும். காலி வண்டியில் பின்பக்கம் துள்ளினால் சரளைக்கல் வளைவில் டயருக்குப் பிடிப்பும் போகும்.

பெட்டியில் 'ஹெவி டியூட்டி' என்று எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள். கடினத்தன்மை எத்தனை, எத்தனை கிலோ நிரந்தரச் சுமைக்குச் செய்தது என்ற இரண்டையும் கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம். வண்டியை எடைமேடையில் ஏற்றி, பின் ஆக்சில் எடையை உங்கள் வழக்கமான சாமான்களோடு எடுத்துக்கொண்டு போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

மாற்றிய பிறகு மீட்டரில் விளக்கு எரிந்துகொண்டே இருக்குமாமே? பல்பைப் பிடுங்கிவிடலாம் என்கிறார் நண்பர்.

பிடுங்க வேண்டாம். நாளைக்கு உண்மையான கோளாறு வந்தாலும் தெரியாது.

டிஸ்கவரி 2-வில் உயரக் கட்டுப்பாடும் ஏபிஎஸ்சும் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) ஒரே கன்ட்ரோல் பெட்டிக்குள் இருக்கின்றன. அதனால் அந்தப் பெட்டியைக் கழற்றுவது, அதற்குப் போகும் மின்சாரத்தை வெட்டுவது போன்ற வேலையே வேண்டாம். கம்ப்ரசருக்கு மட்டும் உள்ள ஃபியூஸ், ரிலேயை எடுத்துவிட்டு, டயக்னாஸ்டிக் கருவியால் ஏர் சஸ்பென்ஷன் இல்லாத வண்டி என்று பதியவைப்பதுதான் சுத்தமான வழி. காயிலுக்கு மாற்ற விற்கிற சில கிட்டுகளோடு சின்ன மாட்யூல் ஒன்று வரும். உயரம் சரியாகவே இருக்கிறது என்று கணினியை அது நம்பவைக்கும். அதுவும் பரவாயில்லை.

உயர சென்சாரை வெட்டி எறியாதீர்கள். சில வண்டிகளில் ஹெட்லைட் தானாக மேலே கீழே சரிசெய்துகொள்வதும் அதே சென்சாரை வைத்துத்தான். ஷாக் அப்சார்பர் மின்னணுக் கட்டுப்பாட்டில் இருந்தால் அதன் ஒயரையும் பிடுங்காதீர்கள், இன்னொரு விளக்கு எரியும்.

வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவிகூடப் பல சமயம் தேவைப்படாது, ஆக்சிலை நன்றாக இறக்கினாலே காயில் உள்ளே போய்விடும். ஆனால் வரிசை தப்பக்கூடாது. முன்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பின் சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஆக்சிலுக்கு அடியில் தனி ஜாக். பிறகு காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டுத்தான் பையில் கை வைக்க வேண்டும். காற்றை மட்டும் நம்பி நிற்கிற வண்டிக்கு அடியில் யாரும் நுழையக்கூடாது, ஒரு நிமிடத்துக்குக்கூட.

ஷாக் அப்சார்பரைக் கழற்றியதும் ஆக்சிலைக் கீழே விழாமல் தடுத்துக்கொண்டிருந்த ஒன்று போய்விடுகிறது. அப்புறம் ஆக்சில் பிரேக் ஹோஸிலும் (பிரேக் ஆயில் போகும் குழாய்) ஏபிஎஸ் ஒயரிலும் தொங்கும். ஜாக்கை இறக்கும்போது கண் அந்த ஹோஸ் மேலேயே இருக்கட்டும், விறைக்கத் தொடங்கினால் நிறுத்துங்கள்.

காயில் முனை கீழ்த்தட்டின் படியில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். ரப்பர் புஷ் போல்ட்டுகளைத் தொங்கும் நிலையில் முறுக்காமல், சக்கரம் தரையில் நின்ற பிறகு முறுக்குங்கள், இல்லாவிட்டால் புஷ் சீக்கிரம் கிழியும். சில காற்றுப்பைகளில் பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலே வந்து சேசிஸில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) உள்ளேயே இருக்கும். அப்படியானால் தனியாக ஒன்று பொருத்தியாக வேண்டும்.

பழைய ஷாக் அப்சார்பர் நன்றாகத்தான் இருக்கிறது. அதையே விட்டுவிடலாமா?

கம்பெனி காயிலுக்கு நிகரானதைப் போட்டால் விடலாம். கடினமான ஸ்பிரிங் என்றால் அது திரும்ப எழும்பும் வேகத்தை அடக்கப் பழையதால் முடியாது.

2 அங்குலம் உயரமான ஸ்பிரிங் போட்டேன். பிரேக் பிடித்தால் முன்பக்கம் முன்பைவிடக் குனிகிறது.

ஆக்சிலிலிருந்து சேசிஸுக்கு ஒரு சின்னக் கம்பி போகிறதா பாருங்கள். சுமையைப் பொறுத்துப் பின்பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் வால்வு அது. பின்பக்கம் உயர்ந்துவிட்டதால் வண்டி காலி என்று நினைத்துப் பின்பிரேக்கைக் குறைக்கிறது. கம்பியைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டை, வண்டியை உயர்த்திய அளவுக்கு மாற்றிவைக்க வேண்டும். பிரேக் சமாச்சாரம், தெரிந்தவரிடம் இன்றைக்கே காட்டுங்கள்.

கேரவன் இழுக்கிறேன். கொக்கியில் 150 கிலோ விழும். கடினக் காயில் போதுமா?

போதாது. ஆக்சிலுக்குப் பின்னால் 1.2 மீட்டர் தள்ளிக் கொக்கி இருந்து, வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடைப்பட்ட தூரம்) 2.8 மீட்டர் என்றால் அந்த 150 கிலோ பின் ஆக்சிலில் 214 கிலோவாக இறங்கும். முன் ஆக்சிலில் 64 கிலோ குறையும். ஸ்பிரிங் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும், முன்னால் குறைந்த எடையைத் திருப்பித் தராது. அதற்கு எடையைப் பகிரும் கொக்கிதான் வேண்டும். காயிலுக்கு உள்ளே வைக்கிற சின்னத் துணைக் காற்றுப்பையும் நல்லதுதான். ஆனால் எதைப் போட்டாலும் வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை கூடிவிடாது.

டிஸ்கவரி 3-க்கும் இதே மாதிரி செய்யலாமா ஐயா?

அது வேறு கதை. நான்கு சக்கரமும் தனித்தனி, நான்கிலும் காற்று, சஸ்பென்ஷன் கணினி வண்டியின் மற்ற அமைப்புகளோடு பேசிக்கொண்டிருக்கிறது. பழுது பார்த்துக் காற்றிலேயே வைத்திருங்கள்.

கழற்றிய கம்ப்ரசரை டயருக்குக் காற்றடிக்க வைத்துக்கொள்ளலாமா?

காற்று வரும். ஆனால் சின்னப் பைக்கு அவ்வப்போது நிரப்பச் செய்த பொருள் அது. பெரிய டயர் ஒன்று நிரம்புவதற்குள் சூடாகி நின்றுவிடும். விற்றுவிட்டு நல்ல டயர் பம்ப் வாங்குங்கள். காற்றுப்பையிலேயே தொடரப்போகிற யாராவது இந்தக் கம்ப்ரசரைத் தேடிக்கொண்டிருப்பார்.