ரவுணுக்குள் ஓட ஒரு சின்னக் கார்

கேள்வி: நான் கிளிநொச்சியில் ஆசிரியை. வீடு இரணைமடுச் சந்திப் பக்கம். இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்க வேண்டும், அம்மாவை மாதம் ஒருக்கால் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும், சந்தைக்குப் போக வேண்டும். இவ்வளவுதான் ஓட்டம். கையில் 15 இலட்சம் இருக்கிறது, மிச்சத்துக்கு லீசிங் போடலாம் என்று யோசிக்கிறோம். சொந்தக்காரர் எல்லாரும் ஜப்பான் வாகன் ஆர் எடுக்கச் சொல்கிறார்கள். கணவர் மாருதி ஆல்டோ போதும் என்கிறார். எதை எடுக்கலாம்?

பதில்: ரீச்சர், உங்கள் ஓட்டத்துக்குக் கணவர் சொல்வதுதான் சரி.

வாகன் ஆர் நல்ல கார், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் 2014க்குப் பிறகு வந்த பலவற்றில் சின்ன ஹைபிரிட் அமைப்பு இருக்கிறது. கார் நிற்கும்போது எஞ்சின் தானாக நின்று, பிறேக்கிலிருந்து காலை எடுத்ததும் திரும்ப ஸ்ரார்ட் ஆகும். அதற்கென்று ஒரு லித்தியம் பற்றரி சீற்றுக்குக் கீழே இருக்கும். கொழும்பில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிறவருக்கு அதனால் பெற்றோல் மிச்சம். நமக்கு டிப்போச் சந்தியிலும் கரடிப்போக்கிலும் கொஞ்சம் நின்றால் உண்டு, மற்றப்படி ஏ9 வெறும் நேர் றோட்டு. மிச்சம் பிடிக்கிற இடம் குறைவு. அந்தப் பற்றரியோ ஓட்டோ கியரோ பிழைத்தால் வருகிற செலவு மட்டும் கொழும்புக்காரருக்கும் நமக்கும் ஒன்றுதான். அதற்கு மேல், சாமான் வரும்வரை கார் கராஜில் கிடக்கும்.

ஆல்டோ 800இல் இருப்பது 796 சீசீ, மூன்று சிலிண்டர், கை கியர். பழைய மாருதி 800 காலத்திலிருந்தே இந்த வகை எஞ்சினில் கை பழகிய மெக்கானிக்மார் நம்மிடம் இருக்கிறார்கள். குறையையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து பேரை ஏற்றி ஏசியும் போட்டால் இழுவை குறையும். 2014இல் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் சோதனையில், எயர்பாக் இல்லாத இந்திய ஆல்டோ 800 ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. அதனால் ரவுணுக்குள் தாராளமாக ஓடுங்கள். இரவில் ஏ9இல் மாடு படுத்திருக்கும் நேரத்தில் வேகமாகப் போகிற வாகனம் இது இல்லை. எயர்பாக் உள்ள ஒன்று கிடைத்தால் அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். பின் சீற்றில் பெல்ற் வேலை செய்கிறதா என்று பிள்ளைகளை இருத்தியே பாருங்கள்.

எந்தக் கார் என்பதைவிட, அந்தக் கார் எப்படி இருக்கிறது என்பதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். நம் இடத்துக்கு என்று இரண்டு விஷயம் இருக்கிறது.

முதலாவது தண்ணீர். உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது அல்லவா? எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற் திரவம் ஊற்றாமல் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி ஓடிய காரின் ரேடியேற்றருக்குள்ளும் அதே படிவுதான். நான் முதலில் வாங்கிய காரில் இதைப் பார்க்கத் தெரியாமல் போனது. விற்றவர் காரைக் கழுவி, பொலிஷ் போட்டு, சீற்றுக்கு உறையும் மாற்றி வைத்திருந்தார். மூன்றாம் கிழமை மாங்குளம் தாண்டும்போது சூட்டு முள் மேலே போய், போனற்றுக்குள்ளிருந்து ஆவி வந்தது. ரேடியேற்றரைக் கழற்றியபோது குழாய்களில் பாதி சுண்ணாம்பு அடைத்துக் கிடந்தது. எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்து விரலை விட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பச்சையோ சிவப்போ கூலன்ற் நிறம் தெளிவாக இருந்தால் நல்லது. துருத் தண்ணீரோ, விரலில் மாவாக ஒட்டுகிற வெள்ளையோ இருந்தால் விலையைக் குறைக்க வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். சூடாக இருக்கும்போது மட்டும் அந்த மூடியில் கை வைக்கவே கூடாது.

இரண்டாவது வெள்ளம். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு எப்படி மூழ்கியது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலோடு நாடு முழுக்க வெள்ளம். மூழ்கிய வாகனங்கள் காய்ந்து, கழுவுப்பட்டு, எங்கோ ஒரு இடத்தில் விலைக்கு வரத்தான் செய்யும். முன் சீற் பெல்ற்றைக் கடைசி வரை இழுங்கள். தினம் பாவிக்கிற பகுதி சுத்தமாக இருக்கும். சுருளுக்குள்ளேயே கிடக்கும் கடைசி ஒரு முழத்தில்தான் சேற்றுக் கோடு தெரியும். அப்புறம் காலடிக் கார்ப்பெற்றைத் தூக்கி மணந்து பாருங்கள். சீற் பூட்டியிருக்கும் போல்ற்றில் துரு இருந்தால் காரணம் கேளுங்கள்.

மற்றவை உங்கள் மெக்கானிக் பார்க்கட்டும். ஆனால் நீங்கள் போகும் நேரத்தைக் காலையாக வைத்துக்கொள்ளுங்கள். வருவதற்கு முன் ஸ்ரார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லியிருந்தும், போனற் தொட்டால் சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார். குளிர்ந்த எஞ்சின் முதல் திறப்பிலேயே பிடிக்க வேண்டும், நீலப் புகை வரக்கூடாது. ஆல்டோ 800இல் எஞ்சின் வால்வுகளை ஓட்டும் பட்டியான ரைமிங் பெல்ற் ரப்பர். எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் வாங்கிய கையோடு மாற்றிவிடுங்கள், ஓட்டத்தில் அறுந்தால் நடுறோட்டில் நிற்கும்.

காசு பற்றி ஒன்று. 2020 மார்ச்சில் நிறுத்திய இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தாலும், வரி பெரிது. பழைய கார் மலிந்துவிடும் என்று காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கையில் உள்ள 15 இலட்சத்தையும் முற்பணமாகக் கட்டிவிடாதீர்கள். ரயர், பற்றரி, ஒயில், பெல்ற், காப்புறுதி எல்லாம் முதல் மாதத்திலேயே வரும். லீசிங் என்றால் முழுக் காப்புறுதி கேட்பார்கள், அதையும் தவணையோடு கூட்டிப் பாருங்கள். இன்னும் பழைய, ஆனால் வடிவாக வைத்திருந்த கார் ஒன்று லீசிங் இல்லாமலே வருமென்றால் நான் அதைத்தான் எடுப்பேன்.

கேள்வி: மாங்குளத்தில் ஒரு கார் மலிவாக வருகிறது. 'ஓப்பின் பேப்பர்', பிறகு பெயர் மாற்றலாம் என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. ஓப்பின் பேப்பர் என்றால், பதிவில் உள்ளவர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டார், அதற்குப் பிறகு கார் எத்தனை கை மாறியது என்று பதிவுப் புத்தகத்தில் இல்லை. கைமாறினால் 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதைச் செய்யாத ஒருவரிடமிருந்து நீங்கள் வாங்குகிறீர்கள். முதல் உரிமையாளர் வெளிநாடு போயிருந்தாலோ இறந்திருந்தாலோ பெயர் மாற்ற நீங்கள் எங்கே ஓடுவீர்கள்? நம் பகுதியில் இரண்டுமே நடக்கிற கதை. அந்தக் கார் முன்பு எங்காவது மோதிவிட்டுப் போயிருந்தால் விசாரணை உங்கள் வாசலுக்கும் வரும்.

திணைக்களத்தில் கட்டணம் கட்டிப் பதிவு விபரத்தை எடுங்கள். உரிமையாளர் பெயரும், லீசிங் கம்பனி பெயர் நிற்கிறதா என்பதும் அதில் தெரியும். எஞ்சின் இலக்கத்தையும் உடற்சட்டத்தில் பொறித்த சசி இலக்கத்தையும் காரில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பதிவில் உள்ளவர் அடையாள அட்டையோடு உங்கள் முன்னால் கையெழுத்து வைக்கத் தயார் என்றால் மட்டும் விலை பேசுங்கள். அதுவரை அட்வான்ஸ் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: வவுனியாவில் பார்த்த டொயோட்டா விட்ஸ் 2008ஆம் ஆண்டுக் கார். மீற்றரில் 62,000 கிலோமீற்றர்தான். நம்பலாமா?

பதில்: மீற்றரைத் திருப்புவது பெரிய வேலை இல்லை. பிறேக் பெடல் ரப்பரைப் பாருங்கள். ஸ்ரேறிங்கில் கை பிடிக்கும் இடத்தையும் ரைவர் சீற்றின் கதவுப்பக்க ஓரத்தையும் தடவுங்கள். ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்து, ஸ்ரேறிங் பளபளத்து, மீற்றர் மட்டும் 62,000 காட்டினால் மீற்றர் பொய். ரப்பர் புத்தம் புதிதாக இருந்தாலும் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். சேர்விஸ் புத்தகமும் ஒயில் மாற்றிய ஸ்ரிக்கரும் இருந்தால் திகதியோடு கணக்குப் பாருங்கள்.

ரயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் ஆண்டு. 1419 என்றால் 2019ஆம் ஆண்டின் 14ஆம் வாரம் செய்தது. ரயர் பூ (வெட்டுக் கோடுகள்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அவ்வளவு பழைய ரயரில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். நான்கு ரயரின் விலையையும் கேட்ட விலையில் கழித்துப் பேசுங்கள்.