பிளாஸ்மா கட்டரும் வீட்டு சி.என்.சி. மேசையும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஷெட்டில் 4 அடிக்கு 4 அடி சி.என்.சி. மேசை (கணினி சொல்படி டார்ச்சை நகர்த்தி வெட்டும் மேசை) தயார். 6 மி.மீ. எம்.எஸ். (சாதா இரும்பு) பிளேட் வெட்ட வேண்டும். பெட்டியில் '12 மி.மீ. வெட்டும்' என்று போட்டிருக்கும் கட்டர் போதுமா?

பதில்: அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பெரும்பாலும் அது தகட்டின் ஓரத்தில் தொடங்கி, மெல்ல இழுத்து, எப்படியோ துண்டாக்கிவிடும் கனம். மேசையிலோ டார்ச் (கட்டரின் வெட்டும் முனை) தகட்டின் நடுவே துளை போட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறது. அப்போது உருகிய இரும்பு நாஸில் முகத்திலேயே தெறிக்கும். அதனால் கடையில் 'துளைக்கும் திறன் எவ்வளவு?' என்று கேளுங்கள். ஹைபர்தெர்ம் பவர்மேக்ஸ்45 எக்ஸ்பி-யை எடுத்துக்கொண்டால், துண்டாக்கும் கனம் 29 மி.மீ., நல்ல வெட்டுக்கு 16, துளைக்க 12 மட்டுமே. உங்கள் 6 மி.மீ. பிளேட்டுக்கு இந்த 45 ஆம்பியர் வகை தாராளம்.

டூட்டி சைக்கிளையும் பாருங்கள். 60% என்றால் 10 நிமிடத்தில் 6 நிமிடம்தான் வெட்டலாம். கையால் வெட்டுபவர் இடையிடையே நிறுத்துவார், மேசை நிறுத்தாது. இந்த அளவு மெஷின் 230 வோல்ட் சிங்கிள் பேஸில் 30 ஆம்பியருக்கு மேலும் இழுக்கலாம். வீட்டு 16 ஆம்பியர் பிளக்கில் சொருகக் கூடாது, மெஷினின் கையேடு சொல்லும் அளவில் செம்புக் கம்பி, எம்.சி.பி. போட்டுத் தனி லைன் இழுங்கள். வீட்டு இணைப்பு அந்தச் சுமையைத் தாங்குமா என்பதை எலக்ட்ரீஷியனிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், ஆர்க் (தகட்டை உருக்கி வெட்டும் மின்சுடர்) எப்படிப் பற்றுகிறது என்பது. தகட்டைத் தொட்டால்தான் பற்றும் வகை மேசைக்கு உதவாது. உயர் அதிர்வெண் பொறியால் பற்றும் ஹை-ஃப்ரீக்வென்சி வகை எலக்ட்ரானிக்ஸைக் கெடுக்கும். காற்றழுத்தத்தில் எலக்ட்ரோடு பின்னுக்கு நகர்ந்து பொறி எழும் 'ப்ளோபேக்' வகையையே வாங்குங்கள். மெயினை அணைத்துவிட்டு டார்ச்சின் எலக்ட்ரோடை அழுத்திப் பாருங்கள்: ஸ்பிரிங்கில் உள்ளே போய்த் திரும்பினால் அது பெரும்பாலும் ப்ளோபேக்.

கேள்வி: டார்ச் பற்றும் ஒவ்வொரு முறையும் லேப்டாப்பிலிருந்து கன்ட்ரோலர் துண்டிக்கப்படுகிறது. போர்டு கெட்டுவிட்டதா?

பதில்: போர்டை மாற்றாதீர்கள். உங்களுடையது பெரும்பாலும் ஹை-ஃப்ரீக்வென்சி கட்டர்தான். பல ஆயிரம் வோல்ட் பொறி டார்ச் கேபிளையே ஆன்டெனாவாக்கிவிடுகிறது. யுஎஸ்பி இணைப்பு முதலில் விழும். எர்த் கிளாம்ப்பை கேன்ட்ரியிலோ (டார்ச்சைத் தாங்கி நகரும் சட்டம்) துருப்பிடித்த பட்டையிலோ மாட்டாமல், சுரண்டிச் சுத்தம் செய்த இடத்தில் நேராகத் தகட்டிலேயே மாட்டுங்கள். மேசைச் சட்டத்திலிருந்து எர்த் ராடுக்குத் தடித்த கம்பியைச் சுற்றி வளைக்காமல் குறுகிய வழியில் கொண்டுபோங்கள். டார்ச்சை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார்களின் கேபிள்கள் ஷீல்டு (உள்ளே உலோக உறை கொண்ட) வகையாக இருக்கட்டும். ஷீல்டைப் பேனல் முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். இரண்டு முனையிலும் எர்த் செய்தால் ஷீல்டிலேயே மின்னோட்டம் சுற்றத் தொடங்கும். டார்ச் கேபிள் இவற்றிலிருந்து ஓரடியாவது தள்ளிப் போகட்டும், குறுக்கிட்டே தீர வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். மேசையின் எல்லையை உணரும் லிமிட் சுவிட்சுகளை 5 வோல்ட்டில் விடாமல் 24 வோல்ட்டில் ஆப்டோ (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் உறுப்பு) வழியாக இணையுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் துண்டிப்பு நின்றபாடில்லை என்றால், மாற்ற வேண்டியது கட்டரைத்தான்.

கேள்வி: டார்ச் சுவிட்ச்சின் இரண்டு கம்பிகளையும் கன்ட்ரோலரின் அவுட்புட்டில் நேராகச் சொருகலாமா?

பதில்: கூடாது. இடையில் ஒரு ரிலே வேண்டும். கன்ட்ரோலர் ரிலேயின் காயிலை மட்டும் இயக்கட்டும். மின்சாரம் எதுவும் சேராத அதன் காண்டாக்ட் அந்த இரண்டு கம்பிகளையும் இணைக்கட்டும். காயிலுக்குக் குறுக்கே ஒரு டையோடு போடுங்கள்.

பவர்மேக்ஸ்45 எக்ஸ்பி-யில் சி.என்.சி. சாக்கெட் இருக்கும் மாடலை வாங்கினால் வேலை எளிது. 14 பின்னில் 3, 4 ஸ்டார்ட். 12, 14 'ஆர்க் பற்றிவிட்டது, நகரலாம்' என்ற சிக்னல். 5, 6 பிரித்துக் குறைத்த ஆர்க் வோல்டேஜ், டார்ச் உயரத்தைக் கட்டுப்படுத்த உதவுவது. 50:1 அமைப்பில் 120 வோல்ட் ஆர்க் 2.4 வோல்ட்டாக வெளியே வரும். அந்த 'நகரலாம்' சிக்னலைக் கட்டாயம் இணையுங்கள். 'இத்தனை நொடி நில்' என்னும் ஜி4 கட்டளையை மட்டும் நம்பினால், ஆர்க் பற்றாத நேரத்திலும் டார்ச் வெட்டாமலேயே தகட்டின் மேல் ஊர்ந்து போய்விடும்.

சாக்கெட் இல்லாத கட்டரைத் திறந்து ஆர்க் வோல்டேஜை நீங்களே எடுக்க முயலாதீர்கள். ஆர்க் இல்லாதபோது அங்கே 250 வோல்ட்டுக்கும் மேல் டி.சி. இருக்கலாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் தங்கும். உயிருக்கே ஆபத்து.

கேள்வி: உயரக் கட்டுப்பாடு (ஆர்க் வோல்டேஜைப் பார்த்து டார்ச்சை ஏற்றி இறக்கும் அமைப்பு) போட்ட பிறகு ஒவ்வொரு மூலையிலும் டார்ச் தகட்டில் முட்டுகிறதே?

பதில்: மூலையில் வேகம் குறையும், வெட்டு அகலமாகும், ஆர்க் நீண்டு வோல்டேஜ் ஏறும். டார்ச் உயர்ந்துவிட்டதாக நினைத்துக் கன்ட்ரோலர் அதைக் கீழே தள்ளுகிறது. வேகம் குறையும் இடங்களில் உயரக் கட்டுப்பாடு நிற்கும்படி அமையுங்கள்.

கேள்வி: எலக்ட்ரோடு சீக்கிரம் தேய்கிறது. 2 எச்.பி. கம்ப்ரசர் போதாதா?

பதில்: பவர்மேக்ஸ்45 எக்ஸ்பி நிமிடத்துக்கு 188 லிட்டர் காற்று கேட்கும், அதுவும் 5.9 பாரில். 2 எச்.பி. திணறும், 3 எச்.பி.க்குப் போங்கள். ஈரம் அதைவிடப் பெரிய எதிரி. கம்ப்ரசரை ஒட்டியே ஃபில்டர் வைத்தால் சூடான காற்றில் நீர் ஆவியாகவே கடந்துவிடும். சில மீட்டர் இரும்புக் குழாயில் ஆறவிட்டு, டார்ச் பக்கம் ஃபில்டரை வையுங்கள். எலக்ட்ரோடு முனையின் குழி 1.6 மி.மீ. ஆழம் தாண்டினால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: தண்ணீர் தொட்டி மேசையில் அலுமினியம் வெட்டலாமா?

பதில்: வேண்டாம். உருகிய அலுமினியம் தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரஜன் வெளியாகும். தகட்டின் அடியில் தேங்கிப் பொறி பட்டால் வெடிக்கும். தொட்டியைக் காலி செய்து, அடியில் கிடக்கும் அலுமினியத் தூளையும் வழித்தெடுத்த பிறகே அலுமினியத்தை ஏற்றுங்கள்.