டெக்சாஸின் சுதந்திரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டாலஸில் மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறேன். உங்கள் தளத்தைப் பல வருடங்களாக வாசித்தாலும் எழுதுவது இதுவே முதல்முறை. அலுவலகத்தில் மதிய உணவின்போது ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டமான ஒபாமாகேர் பற்றி விவாதம் வந்தது. இந்த ஊர்க்கார நண்பர் ஒருவர், “காப்பீடு வாங்காவிட்டால் அபராதம் போடலாம் என்றால், நாளைக்கு ப்ராக்கோலி வாங்காவிட்டாலும் போடலாமே? இதற்காகவா அரசியல் சாசனம் எழுதினார்கள்?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. யோசித்தால் அவர் சொன்னது சரி என்றே படுகிறது. தனிமனித சுதந்திரம்தானே இந்த நாட்டின் அடிப்படை? ஏழைகளுக்கு எப்படியும் எமர்ஜென்சி இருக்கிறது, மருத்துவமனைகள் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று சட்டமே உண்டு. நம் ஊர் நிலைமைக்கு இது மேல் இல்லையா? உங்கள் கருத்தை அறிய ஆவல்.

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

ப்ராக்கோலியை முதலில் முடித்துவிடலாம். அது உங்கள் நண்பரின் சொந்தச் சரக்கு அல்ல. 2012 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் ஒபாமாகேர் வழக்கு மூன்று நாள் விசாரிக்கப்பட்டபோது நீதிபதி ஸ்காலியா கேட்டது. அந்த வாதம் ஒருவகையில் வென்றும்விட்டது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை முறைப்படுத்தும் அதிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதனை ஒரு பொருளை வாங்கச் சொல்ல முடியாது என்று ஜூன் 28 அன்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். ஆனால் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், இந்த அபராதத்தை வரியாகவும் பார்க்கலாம், வரி போட அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லி மற்ற நால்வரோடு சேர்ந்து சட்டத்தைக் காப்பாற்றினார். 2017-ல் காங்கிரஸே அந்தத் தொகையைப் பூஜ்யமாக்கியது. 2019 முதல் மத்திய அரசு அந்த அபராதத்தை யாரிடமும் வாங்குவதில்லை. உங்கள் மேசையில் சூடாக விவாதிக்கப்பட்ட விஷயம் இப்போது வெறும் ஏட்டுச் சட்டம்.

நம் ஊர் ஒப்பீட்டை விடுங்கள். அதற்குத் தனிக் கடிதம் எழுதுங்கள்.

என்னைத் தைத்தது ‘ஏழைகளுக்கு எப்படியும் எமர்ஜென்சி இருக்கிறது’ என்ற வரி. கொஞ்ச நாட்களாகவே இந்தத் தீர்ப்பின் மறுபாதி என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் உடனே எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீங்கள் இரக்கமில்லாதவர் என்று நான் நினைக்கவில்லை. இரக்கமுள்ள ஒருவர் இந்த வரியைச் சரிபார்க்காமல் எழுதிவிட்டாரே என்பதுதான் கோபம்.

எமர்ஜென்சியில் திருப்பி அனுப்பக் கூடாது என்ற அந்தச் சட்டம் 1986-ல் வந்தது. பணமில்லாத நோயாளிகளைத் தனியார் மருத்துவமனைகள் ஆம்புலன்ஸில் ஏற்றி சிகாகோவின் குக் கவுண்டி போன்ற அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் பணம் வாங்கும் மருத்துவமனை, எமர்ஜென்சிக்கு வருபவரைப் பரிசோதித்து, ஆபத்து இருந்தால் நிலைப்படுத்த வேண்டும் என்றது சட்டம். அவ்வளவுதான் அது கேட்பது. பக்கவாதம் வந்தால் கதவு திறக்கும். பக்கவாதம் வராமல் தடுக்கும் ரத்த அழுத்த மாத்திரையைத் தரவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. பில்லும் வீட்டுக்கு வரும்.

பெருந்தொற்றுக்கு முன்பு உங்கள் டெக்சாஸில்தான், ஒரு சிறு ஊரில், பேராசிரியராக இருக்கும் நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். அவருடைய அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணி வருவார். ஐம்பது வயது தாண்டியவர், பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் நாளெல்லாம் பேசிக்கொண்டிருப்பார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. வேளை தவறாமல் இன்சுலினை அளந்து அவர்தான் போடுவார். ஒருநாள் அம்மா என்னைக் கூப்பிட்டு, “அவளுக்கும் சக்கர இருக்குப்பா. எனக்கு மட்டும் நேரத்துக்குப் போடறா, தனக்குப் பாதிதான் போட்டுக்கறா. கேளேன்” என்றார்.

கேட்டேன். கூச்சமில்லாமல் சொன்னார். காப்பீட்டுக்கு விண்ணப்பித்தாராம். மானியம் கிடையாது, உங்கள் வருமானம் அதற்குப் போதாது என்றார்களாம். நான் தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று திரும்பக் கேட்டேன். அதேதான்.

நான் ஊர் திரும்பிய பிறகு நண்பர் போனில் சொன்னார். அந்தப் பெண்மணிக்குக் காலில் புண் வந்து, சீழ் பிடித்து, காய்ச்சல் ஏறி எமர்ஜென்சிக்குப் போயிருக்கிறார். உடனே சேர்த்துக்கொண்டார்கள், உயிரைக் காப்பாற்றினார்கள், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்த மருத்துவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நீங்கள் சொன்ன சட்டத்தில் உள்ளபடியேதான் எல்லாம் நடந்தது, கார்த்திக். யாரும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை.

வருமானம் குறைவாக இருப்பதால் ஒருவருக்கு உதவி கிடைக்காமல் போவது எப்படி? அங்கேதான் தீர்ப்பின் மறுபாதி வருகிறது. 2010-ல் ஒபாமாகேர் சட்டத்தை எழுதியவர்கள், வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரை சம்பாதிப்பவர்களுக்கு எல்லா மாநிலங்களிலும், மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து ஏழைகளுக்கு நடத்தும் காப்பீடான மெடிகெய்டு கிடைத்துவிடும் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆகவே தனியார் காப்பீட்டுக்கான மானியத்தை வறுமைக்கோட்டுக்கு மேலிருந்துதான் தொடங்கினார்கள். கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு மானியம் தேவைப்படும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. இப்படி மெடிகெய்டை விரிவாக்குவதற்கு முதல் மூன்று வருடம் மொத்தச் செலவும் மத்திய அரசுடையது, பிறகு படிப்படியாகக் குறைந்து 90 சதவீதம். விரிவாக்க மறுக்கும் மாநிலம், ஏற்கெனவே வாங்கிவரும் மெடிகெய்டு பணத்தையும் இழக்க நேரிடும் என்பது நிபந்தனை.

இந்த நிபந்தனையை ஏழு நீதிபதிகள் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றார்கள். ஒரு மாநிலத்தின் மொத்த பட்ஜெட்டில் பத்து சதவீதத்துக்கும் மேல் பறிபோகும் என்று மிரட்டுவது ஊக்குவிப்பு ஆகாது, தலையில் துப்பாக்கி வைப்பது என்று எழுதினார் ராபர்ட்ஸ். சட்டத்தைக் காப்பாற்றிய நால்வரில் ப்ரேயரும் கேகனும்கூட இந்தப் பக்கம் போனார்கள். ஜின்ஸ்பர்க், சோடோமேயர் இருவர்தான் மறுத்தார்கள். மெடிகெய்டு ஒரே திட்டம். அதை மாற்றவும் ரத்து செய்யவும் உரிமை உண்டு என்று 1965-லேயே காங்கிரஸ் சட்டத்தில் எழுதிவைத்திருக்கிறது. அதன்பின் பலமுறை விரிவாக்கியும் இருக்கிறது. மாநிலங்களும் ஏற்றுக்கொண்டுதான் வந்தன என்றார் ஜின்ஸ்பர்க். காங்கிரஸ் பழைய மெடிகெய்டை மொத்தமாக ரத்து செய்துவிட்டு, இதே பெரிய திட்டத்தைப் புதிதாகக் கொண்டுவந்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது அல்லவா என்றும் கேட்டார். இன்றுவரை அதற்கு ஒழுங்கான பதிலை நான் படிக்கவில்லை.

விளைவு, விரிவாக்கம் மாநிலங்களின் விருப்பமானது. இன்றும் 10 மாநிலங்கள் ஏற்கவில்லை. டெக்சாஸ் அதில் பெரியது. காப்பீடு இல்லாதவர்களின் விகிதம் அமெரிக்காவிலேயே மிக அதிகமாக இருப்பதும் அங்கேதான். பராமரிக்கச் சிறு குழந்தை இல்லாத, ஊனமோ கர்ப்பமோ இல்லாத, அறுபத்தைந்து வயதாகாத ஒருவர் அங்கே எவ்வளவு ஏழையாக இருந்தாலும் மெடிகெய்டு இல்லை. அந்தப் பெண்மணி போல.

சுதந்திரம் என்கிறீர்களே, யாருடைய சுதந்திரம் இது? மாநில மக்களுடையது என்று உங்கள் நண்பர் சொல்வார். மெய்ன் மாநில மக்கள் 2017-ல் வாக்களித்து விரிவாக்கம் கேட்டார்கள், ஆளுநர் கடைசிவரை இழுத்தடித்தார். மிசௌரியில் 2020-ல் மக்கள் வாக்களித்து மாநில சாசனத்திலேயே சேர்த்தார்கள், சட்டமன்றம் பணம் ஒதுக்க மறுத்தது, மாநில உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. டெக்சாஸில் மக்கள் தாங்களே மனு கொடுத்து மாநில அளவில் வாக்கெடுப்பு கேட்கும் வழியே கிடையாது. ஆகவே நீதிமன்றம் காப்பாற்றிக் கொடுத்த சுதந்திரம் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் இருக்கிறது. இன்சுலினைப் பாதியாக்கிக்கொண்டவரிடம் இல்லை.

அரசியல் சாசனம் அங்கே ஒரு வகை மனிதருக்கு மருத்துவத்தை உறுதியாகத் தருகிறது, தெரியுமா? கைதிக்கு. 1973-ல் டெக்சாஸ் சிறையில் வேலை செய்துகொண்டிருந்த கேம்பிள் என்ற கைதியின் மேல் பஞ்சுப் பொதி விழுந்தது. கையால் மனு எழுதி வழக்குப் போட்டார். சிறைக்குள் இருப்பவன் தனக்கான வைத்தியத்தைத் தானே தேடிக்கொள்ள முடியாது, அவனுடைய கடுமையான நோயைத் தெரிந்தே அலட்சியம் செய்வது கொடூர தண்டனை என்று 1976-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது; எழுதியவர் தர்குட் மார்ஷல். (17 முறை மருத்துவப் பணியாளர்களிடம் காட்டியிருக்கிறார்கள் என்பதால் கேம்பிள் தன் வழக்கில் தோற்றார். விதி அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்குப் பயன்பட்டது.) நல்ல தீர்ப்பு, ஒரு வரியைக்கூட நான் குறைக்க மாட்டேன். ஆனால் வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவரும் தனக்கான வைத்தியத்தைத் தானே தேடிக்கொள்ள முடியாதவர்தான். அவர் வெளியே இருக்கிறார் என்பதாலேயே அவரைப் பற்றிச் சாசனத்துக்குப் பேச்சில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மொத்த ஒபாமாகேர் சட்டமும் செல்லாது என்று உங்கள் டெக்சாஸ் தலைமையில் இன்னொரு வழக்கு போனது. வழக்குத் தொடுக்கும் தகுதியே உங்களுக்கு இல்லை என்று 2021-ல் ஏழுக்கு இரண்டில் தள்ளிவிட்டார்கள். ஆகவே சட்டம் இருக்கிறது, மெடிகெய்டும் மானியமும் கிடைக்காதவர்கள் விழும் அந்தப் பள்ளமும் இருக்கிறது.

நண்பரோடு பேசுவதை நிறுத்தாதீர்கள். 2012 தீர்ப்பில் ஜின்ஸ்பர்கின் பகுதியை இருவரும் படியுங்கள், முழுவதும் வேண்டாம், மெடிகெய்டு பற்றியது மட்டும். படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.