தண்ணீர்தானே என்று ஊற்றிவிடலாமா?

கேரவன் பயணம் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கழிவுநீரைப் பற்றித்தான். நான்கை எடுத்துக்கொண்டேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: முதல் முறையாக கேரவனில் பத்து நாள் கிளம்புகிறோம். கழிப்பறைத் தண்ணீரைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது என்பது புரிகிறது. பாத்திரம் கழுவியது, குளித்தது எல்லாம் வெறும் சோப்புத் தண்ணீர்தானே? புல்லில் விட்டால் புல்லுக்கும் நல்லது என்கிறார் என் கணவர். சரிதானா?

பதில்: உங்கள் கணவர் சொல்வதை நானும் மூன்று வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டியின் வடிகுழாய்ப் பக்கம் ஒரு புதர் இருந்துவிட்டால் எனக்கு ஒரே சந்தோஷம். குழாயை அதற்குள் நீட்டிவிட்டு மறந்துவிடுவேன். ஒரு முறை ஒரே இடத்தில் ஐந்து நாள் தங்கினோம். நான்காம் நாள் காலை கதவைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாடை. குனிந்து பார்த்தால் புல்லையே காணோம். சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு படலம், அதில் ஒட்டிக்கொண்ட உணவுத் துணுக்குகள், ஒரு பக்கம் எறும்பு வரிசை, மேலே ஈ மொய்ப்பு. எல்லாம் என் கைங்கரியம். மறுநாள் நாங்கள் கிளம்பும்போதே அந்த இடத்துக்கு அடுத்த வண்டி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய குழந்தை வெறுங்காலோடு நேராக அந்தப் புதருக்குத்தான் ஓடியது. அன்றோடு விட்டேன் அந்தப் பழக்கத்தை.

வெறும் சோப்புத் தண்ணீர் என்று ஒன்று கேரவனில் கிடையாது. எண்ணெய்ப் பிசுக்கு, உணவுத் துகள், முடி, பற்பசை, தோலிலிருந்து வரும் கிருமிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. வீட்டில் அது குழாய் வழியாகக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவதால் சுத்தமானது என்று நினைத்துக்கொள்கிறோம். மூடிய தொட்டியில் ஒன்றிரண்டு நாள் கிடக்கட்டும், காற்றில்லாத இடத்தில் வளரும் பாக்டீரியா வேலையைத் தொடங்கி அழுகிய முட்டை வாடை கிளம்பிவிடும். புல்லுக்கு நல்லது என்பது எப்போதாவது ஒரு குவளை ஊற்றினால் பேச வேண்டிய பேச்சு. ஒரே அடி நிலத்தில் ஒரு குடும்பம் தினமும் விட்டால் எண்ணெய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். அப்புறம் தண்ணீர் இறங்காது, தேங்கும்.

நான் இப்போது செய்வது இதுதான். தட்டையும் பாத்திரத்தையும் முதலில் காகிதத்தால் வழித்துத் துடைத்துக் குப்பையில் போடுகிறேன். சமைத்த எண்ணெய் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போவதில்லை. ஆறவைத்து ஒரு பழைய டப்பாவில் சேர்க்கிறேன். சிங்க்கில் சல்லடை உண்டு. வடிகுழாயின் கீழே சக்கரம் வைத்த கழிவுநீர்த் தொட்டி. அது நிறைவதற்கு முன்பே, தினமும் ஒரு முறை, வண்டிகள் தங்கும் முகாமில் கழிவுநீருக்கென்று வைத்திருக்கும் வடிகாலுக்கு உருட்டிக்கொண்டு போகிறேன். போகும் முன் மூடியை இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை மூடாமல் இழுத்துக்கொண்டு போய், எங்கள் வண்டி வாசலிலிருந்து வடிகால் வரை எல்லோர் வாசலையும் தொட்டு நுரைக்கோடு போட்டவள் நான். திரும்பி வந்து வாளி வாளியாகக் கழுவிவிட்டேன்.

குளியலைப் பற்றியும் சொல்ல வேண்டும், தொட்டியை நிரப்புவது முக்கியமாக அதுதான். ஷவர் நிமிடத்துக்கு ஆறு முதல் பத்து லிட்டர் வரை கொட்டும். நனைந்ததும் மூடுங்கள், சோப்புப் போடுங்கள், மறுபடி திறந்து அலசுங்கள். ஒரு ஆளுக்குப் பத்து லிட்டருக்குள் முடிந்துவிடும்.

கேள்வி: வடிகாலே இல்லாத வனாந்தரத்தில் தங்கினால்? மட்கும் சோப்பு வாங்கி வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஓடையும் இருக்கும்.

பதில்: ஓடையை மறந்துவிடுங்கள். மட்கும் சோப்பை மட்கவைப்பது மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள். ஓடையில் ஊற்றினால் அது சோப்பாகவேதான் மீன்களிடம் போய்ச் சேரும், செவுள்களைக் கெடுக்கும். தண்ணீர் மேல் கால் பரப்பி நடக்குமே ஒரு பூச்சி, அதைத் தாங்குவது நீரின் மேற்பரப்பு இழுவிசை. சோப்பு அதைக் குறைத்துவிட்டால் பூச்சி முங்கிப்போகும்.

நல்ல வழி, தொட்டியோடு எடுத்துக்கொண்டு போய் அடுத்த ஊரில் முறையான இடத்தில் காலி செய்வது. மண்ணில் விட அந்த இடத்தில் அனுமதி இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு மட்டும் இப்படிச் செய்யலாம்: துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டிய துணுக்குகள் உங்களோடு திரும்பி வர வேண்டும். ஓடை, குளம், கிணற்றிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளிப் போய், ஒரே இடத்தில் கவிழ்க்காமல் கையால் விசிறித் தெளியுங்கள். கழிப்பறைத் தண்ணீருக்கு இந்தச் சலுகை எந்தக் காட்டிலும் இல்லை.

கேள்வி: டாய்லெட் கேசட்டை, அதாவது கழிப்பறைக்கு அடியிலிருந்து இழுத்து எடுக்கும் அந்தக் கழிவுப் பெட்டியை, காலி செய்வது எனக்கு நரகம். தெறிக்கிறது, நாறுகிறது. பிளீச்சிங் திரவம் ஊற்றிவைத்தால் நாற்றம் போகுமா?

பதில்: பிளீச்சிங் திரவம் வேண்டவே வேண்டாம். சிறுநீரில் இருந்து வரும் அம்மோனியாவோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு வரும். கேசட்டின் ரப்பர் வளையங்களும் கெட்டு, ஒழுக ஆரம்பிக்கும். ஒழுகும் கேசட்டோடு குடும்பம் நடத்த முடியாது.

தெறிப்பதற்குக் காரணம் காற்று. தண்ணீர் வெளியே போகும்போது உள்ளே காற்று புக வழியில்லாமல் திணறித் திணறிக் கொட்டும்: குபுக், குபுக். பெரும்பாலான கேசட்டுகளில் கைப்பிடிப் பக்கம் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். கவிழ்க்கும்போது கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்தால் காற்று உள்ளே போகும், தண்ணீர் சத்தமில்லாமல் ஒரே தாரையாக இறங்கும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஜோடி செருப்பு செலவாயிற்று. சாய்க்கும்போது மட்டும் அழுத்துங்கள். நிமிர்த்தி வைத்திருக்கும்போது அழுத்தினால் உள்ளே சேர்ந்த காற்று முகத்துக்கு வரும். கேசட் முழுதாக நிறையும்வரை காத்திருக்காதீர்கள். 20 லிட்டர் என்றால் 20 கிலோ, அதைத் தூக்கிச் சாய்க்கத் தோள் வேண்டும்.

கேசட்டுக்குள் ஊற்றும் மருந்தைப் பார்த்து வாங்குங்கள். ஃபார்மால்டிஹைடு சேர்ந்தவை நாற்றத்தை அடக்குவது கிருமிகளைக் கொன்றுதான். முகாமில் செப்டிக் டேங்க் இருந்தால் அதன் வேலையைச் செய்கிற பாக்டீரியாவையும் அவை கொல்லும். அதனால்தான் சில முகாம்களில் எந்த மருந்து போட்டீர்கள் என்று கேட்கிறார்கள், கோபப்படாதீர்கள்.

அப்புறம், குடிதண்ணீர்க் குழாய். கேசட்டை அதற்கடியில் பிடித்து அலசிக்கொண்டிருந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன், குழாயின் மூக்கு கேசட்டின் வாய்க்குள்ளேயே இருந்தது. பின்னால் பாட்டிலோடு ஒரு சிறுமி நின்றுகொண்டிருந்தாள். அலசுவதற்கென்று தனிக் குழாய் இருக்கும், அதைத் தேடுங்கள். கையுறை போடுங்கள், கழற்றிய பிறகும் கை கழுவுங்கள்.

கேசட் இல்லாமல் பெரிய தொட்டி பொருத்திய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கழிப்பறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். தண்ணீர் ஓடிவிடும், மற்றது அடியில் கோபுரமாகக் குவிந்து காய்ந்துவிடும். மூடி வைத்து, மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பிறகு அதை முதலில் திறந்துவிடுங்கள். அதற்குப் பிறகு குளித்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால், கழிவு போன ஹோஸை அதுவே அலசிவிடும்.

கேள்வி: முகாமில் பக்கத்து வண்டிக்காரர் இரவானால் வடிகுழாயைத் திறந்துவிடுகிறார். எங்கள் கூடாரம் பள்ளத்தில் இருக்கிறது. சண்டை போடவும் மனமில்லை. என்ன செய்ய?

பதில்: இரவில் செய்கிறார் என்றால் தவறு என்று தெரிந்தே செய்கிறார், அதனால் உபதேசம் வேலை செய்யாது. எனக்கு ஒரு முறை பலித்த வழியைச் சொல்கிறேன். காலையில் என் தொட்டியை உருட்டிக்கொண்டு வடிகாலுக்குப் போகும் வழியில் அவர் வாசலில் நின்று, "சார், நான் அந்தப் பக்கம்தான் போகிறேன், உங்களுடையது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டேன். சரியான தொட்டி அவரிடம் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. விரிசல் விட்டிருந்ததாம், சொல்லக் கூச்சம். எங்களிடம் இருந்த உபரி வாளியைக் கொடுத்தேன். கிளம்பும் நாளில் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

உங்கள் ஆள் அதற்கும் மசியாவிட்டால் முகாம் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், கூடவே கூடாரத்தை மேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றுவதை இன்று இருட்டுவதற்குள் செய்துவிடுங்கள்.