குறைந்த செலவில் கேமிங் கணினி: மதுரை வெயிலும் மின்சாரமும் தெரிந்து பாகம் வாங்குவது (கேள்வி பதில்)

மதுரையில் பதினாறு ஆண்டுகளாகக் கணினிகளை அசெம்பிள் செய்து கொடுத்து வருகிறேன். மேசைக் கணினியின் பாகங்களைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால், எதற்கு எவ்வளவு பங்கு ஒதுக்க வேண்டும் என்பதைத்தான் சொல்வேனே தவிர, ரூபாய்க் கணக்கைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (பொறியியல் மாணவர், திருமங்கலம்): அண்ணே, கையில் 50,000 ரூபாய் இருக்கிறது, மானிட்டர் ஏற்கெனவே உள்ளது. கடையில் ஐ7 பிராசசர் வாங்கினால்தான் கேம் ஓடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: எந்தத் தலைமுறை ஐ7 என்று கேட்டீர்களா தம்பி? அதைச் சொல்லாமல் வெறுமனே ஐ7 என்று விற்பவர், பெரும்பாலும் ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து கழித்துக்கட்டிய பழைய பெட்டியைத்தான் உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார். 2012இல் வந்த ஐ7-3770இல் இருப்பவை நான்கு கோர்கள் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பிரிவுகள்). 2022இல் வந்த ஐ3-12100எஃபிலும் நான்கு கோர்கள்தாம், ஆனால் பத்தாண்டு இடைவெளியில் ஒவ்வொரு கோரின் வேகமும் வெகுவாகக் கூடியிருப்பதால், பெயரில் சிறிய இந்த ஐ3 அந்தப் பழைய ஐ7ஐ எளிதில் முந்திவிடும்.

1080பி திரையில் விளையாடுபவருக்கு ஆறு கோர்கள் தாராளம். ஏஎம்டியில் ரைசன் 5 5600, இன்டெலில் ஐ5-12400எஃப். இவற்றில் எது மதர்போர்டோடு சேர்த்து மலிவாகக் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். பெயரின் கடைசியில் எஃப் என்று இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்று பொருள். கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. மொத்தப் பணத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கைக் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்குங்கள். உங்கள் தொகைக்கு 8 ஜிபி நினைவகமுள்ள ஆர்எக்ஸ் 6600 பொருத்தமானது. 132 வாட்டுக்குள் அடங்கிவிடும் என்பதால் நம் ஊர் வெயிலுக்கும் ஏற்றது. அடுத்து இரண்டு 8 ஜிபி ராம், ஒரு 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்), பிறகு ஒழுங்கான எஸ்எம்பிஎஸ் (சுவர் மின்சாரத்தை மாற்றிப் பாகங்களுக்குக் கொடுக்கும் பெட்டி). கேபினட் கடைசி. பெரும்பாலானவர்கள் கண்ணாடிக் கேபினட்டைப் பார்த்து மயங்கி, அதிலிருந்து திட்டம் போடத் தொடங்குகிறார்கள்.

கேள்வி (மேலூர்): இப்போது கார்டு வாங்க வசதியில்லை. ரைசன் 5 5600ஜி வாங்கி, அதன் உள் கிராபிக்ஸிலேயே ஓட்டிவிட்டு, அடுத்த ஆண்டு கார்டு போட்டுக்கொள்ளலாமா?

பதில்: போட்டுக்கொள்ளலாம், ஆனால் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். உள் கிராபிக்ஸுக்கெனத் தனி நினைவகம் இல்லாததால், அது கணினியின் ராமைத்தான் பங்கு கேட்கிறது. டிடிஆர்4 3200 ராம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி தரவுதான் கடக்க முடியும். இரண்டு போட்டால் 51.2 ஜிபி. ஆர்எக்ஸ் 6600 கார்டோ தன் சொந்த நினைவகத்தோடு நொடிக்கு 224 ஜிபி பேசுகிறது. ஆகவே ஒரே 16 ஜிபி ராமுக்குப் பதிலாக இரண்டு 8 ஜிபி போடுவது மற்றவர்களுக்கு நல்லது, உங்களுக்குக் கட்டாயம்.

இரண்டாவது, கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் 5600ஜி பழைய 3.0 வரைதான் தரும். கேஷும் (பிராசசருக்குள் இருக்கும் வேக நினைவகம்) 5600இல் இருப்பதில் பாதி, அதாவது 16 எம்பி. பின்னாளில் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற, தரவுப் பாதை (லேன்) நான்கு மட்டுமே உள்ள கார்டை இதில் செருகினால் கார்டின் வேகம் தெளிவாகக் குறையும். அந்தக் கார்டைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி (வாடிப்பட்டி): 450 வாட் எஸ்எம்பிஎஸ் கேபினட்டோடு இலவசமாக வருகிறது. முதல் கேள்விக்குச் சொன்ன கணினிக்கு அது போதுமா?

பதில்: போதாது. நான் சொல்வதை நம்ப வேண்டாம், அந்தப் பெட்டியைக் கையில் எடுத்து ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 450 என்று இருக்கும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம் போட்டு, 3.3, 5, 12 வோல்ட் ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பார்கள். பிராசசரும் கார்டும் குடிப்பது ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட்டிலிருந்துதான். அந்த இடத்தில் 16 ஆம்பியர் என்று இருந்தால், பன்னிரண்டால் பெருக்குங்கள்: 192 வாட். ஆர்எக்ஸ் 6600 132 வாட், ரைசன் 5 5600 முழு வேகத்தில் 76 வாட், ஆக 208. ஃபேன், எஸ்எஸ்டி, மதர்போர்டு எல்லாம் இதற்கு மேல். பெயர்ப்பலகையில் 450 என்று எழுதியவர் கணக்கை எங்கே நிரப்பினார் என்பது அந்தக் கட்டத்தின் மற்ற வரிகளைப் பார்த்தால் புரிந்துவிடும்.

12 வோல்ட்டில் மட்டும் 400 வாட்டுக்குக் குறையாமல் தரும் ஓர் எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். ஒரு சித்திரை மாத மாலையில், இப்படி இலவசமாக வந்த பெட்டி ஒன்று என் சித்தப்பா மகனின் மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்கையும் சேர்த்தே கொண்டுபோனது. அசெம்பிள் செய்து கொடுத்தவன் நான்தான்.

கேள்வி (தல்லாகுளம்): எந்த ஆர்ஜிபி (வண்ண விளக்கு) ஃபேன் நல்லது?

பதில்: விளக்கு ஒரு ஃபிரேமைக்கூடக் கூட்டாது, அந்தப் பணத்தை எஸ்எம்பிஎஸ்ஸில் போடுங்கள்.

கேள்வி (திருநகர்): நீங்கள் தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள். என் வீட்டில் கேபினட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ் ஆறு ஆண்டுகளாக ஒரு குறையுமின்றி ஓடுகிறது.

பதில்: அந்தக் கணினியில் எந்தக் கார்டு இருக்கிறது?

அவரே: கார்டு இல்லை. தட்டச்சும் டேலியும்தான். ஆனால் தத்துவம் ஒன்றுதானே? 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze, வெண்கலத் தரம்) என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டி விலையை இரட்டிப்பாக்குகிறார்கள்; அதுவும் வெளிநாட்டு மின்சாரத்தில் கொடுத்த சான்றிதழ்.

பதில்: கார்டு இல்லாத கணினி 60, 70 வாட்டைத் தாண்டுவதே அரிது. காலி வண்டி இழுத்த மாட்டைப் பார வண்டிக்குச் சாட்சி சொல்ல அழைத்து வந்திருக்கிறீர்கள்.

சான்றிதழைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 80 பிளஸ் அளப்பது திறனை மட்டுமே: சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு கணினிக்குப் போகிறது, எவ்வளவு சூடாக வீணாகிறது என்பதை. பிரான்ஸ் என்றால் 115 வோல்ட்டில், பாதிச் சுமையில் 85 சதவீதம். அந்தச் சோதனையும் 23 டிகிரி அறையில் நடப்பது. மே மாதத்தில் நம் மாடி அறைகள் 23 டிகிரியைக் கனவில்கூடக் காண்பதில்லை. மின்னழுத்தம் எகிறினால் பெட்டி தன்னைத் தானே அணைத்துக்கொள்ளுமா என்பதை அந்த ஸ்டிக்கர் சொல்லாது. இருந்தாலும் ஸ்டிக்கர் இல்லாத பெட்டி அதையும் சொல்வதில்லை, இதையும் சொல்வதில்லை. ஆகவே சான்றிதழைப் பாருங்கள், அதோடு 12 வோல்ட் வரியையும் உத்தரவாத ஆண்டுகளையும் பாருங்கள்.

குறுக்கிட்டவர் (எலக்ட்ரீஷியன், சோழவந்தான்): நீங்கள் இருவரும் பெட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் விலையுயர்ந்த எஸ்எம்பிஎஸ் போட்ட கணினியிலும் கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறது. எர்த் இல்லாத வீட்டில் எதைப் போட்டு என்ன பயன்?

பதில்: இவர் சொல்வதுதான் சரி, இதை நான் முதல் பதிலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில், மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சிறிய கப்பாசிட்டர்கள் கேபினட்டின் உலோகத்தோடு இணைந்திருக்கும். எர்த் கம்பி இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால், 230 வோல்ட்டின் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட், கேபினட்டின் மேல் மிதக்கும். டெஸ்டரைக் கேபினட்டின் திருகில் வைத்துப் பாருங்கள். அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு மினுங்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுள்ளென்பதோடு நின்றுவிடுகிறது. பெட்டி கெட்டுப்போனதற்கு இது அடையாளம் அன்று. வீட்டுக்கு எர்த் இல்லை என்பதற்கு அடையாளம். ஆனால் உள்ளே வேறு பழுது ஏற்படும் நாளில் அதே வழியாக முழு மின்சாரமும் வரக்கூடும்.

எலக்ட்ரீஷியனை வைத்து மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வேலை இருக்கிறது. கரியும் உப்பும் போட்ட பழைய எர்த் குழியானால், பங்குனி பிறந்ததிலிருந்து வாரந்தோறும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மண் காய்ந்தால் எர்த்தும் போய்விடும். பிளக்கின் உள்ளேயே எர்த்தையும் நியூட்ரலையும் முடிந்துவிடும் குறுக்குவழியை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

குறுக்கிட்டவர் (சோழவந்தான்): அந்த முடிச்சை மாதம் நான்கு வீட்டில் அவிழ்க்கிறேன்.

கேள்வி (பேரையூர்): கேபினட்டோடு 500 வாட் எஸ்எம்பிஎஸ் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாடிப்பட்டிக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி (உசிலம்பட்டி): அடிக்கடி கரண்ட் போகிறது. 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) யுபிஎஸ் போதுமா? ஸ்டெபிலைசரும் வேண்டுமா?

பதில்: 600 விஏ என்று எழுதிய யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். சுமார் 260 வாட் இழுக்கும் கணினியையும் ஒரு மானிட்டரையும் அது தாங்கும், ஆனால் சேமித்துவிட்டு அணைப்பதற்கான சில நிமிடங்களுக்கு மட்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் விளையாடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ்கள் சில, மலிவான யுபிஎஸ்ஸின் சதுர அலையை ஏற்காமல் அணைந்துவிடுவதுண்டு. திருப்பித் தர முடியும் என்ற பேச்சோடு வாங்கிச் சோதியுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் ஸ்டெபிலைசர் தேவையில்லை.

கேள்வி (அண்ணா நகர்): செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 580 மலிவாகக் கிடைக்கிறது. மைனிங் செய்த கார்டு என்கிறார்கள்.

பதில்: 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கார்டுகளால் உருவாக்கும் முறையே (அதுதான் மைனிங்) மாறியது, அதன் பிறகு கார்டுகள் கூட்டமாகச் சந்தைக்கு வந்தன. மைனிங் செய்தது என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் இரண்டு சரக்கு உண்டு. அசலில் 2304 ஷேடர்கள் (படத்துக்கான கணக்கைப் போடும் சிறு பிரிவுகள்). 2048எஸ்பி என்ற மற்றதில் 2048 மட்டுமே. ஜிபியு-இசட் மென்பொருளில் எண்ணைப் பார்த்துவிட்டு, இருபது நிமிடம் முழுச் சுமையில் ஓட்டி, ஃபேன் சத்தத்தைக் கேட்டுப் பணம் கொடுங்கள். இது 185 வாட் கார்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி (கோச்சடை): என் அறைக்கு மேல் தகரக் கூரை. லிக்விட் கூலர் போடட்டுமா?

பதில்: வேண்டாம். எந்தக் கூலரும் அறையின் வெப்பத்துக்குக் கீழே இறக்காது. முன்பக்கம் வலை உள்ள கேபினட், முன்னால் இரண்டு ஃபேன் உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளித்தள்ள. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். தூசியை புளோயரால் ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (விளாங்குடி): வாலரண்ட் விளையாட எந்த லேப்டாப் வாங்கலாம்?

பதில்: லேப்டாப் எனக்குத் தெரியாத துறை. மேசைக் கணினி என்றால், விண்டோஸ் 11இல் அந்த விளையாட்டு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டையும் கேட்கும். பழைய அலுவலகப் பெட்டிகள் பல இங்கேயே தோற்றுவிடும்.

கேள்வி (கப்பலூர்): நல்ல கேபினட் ஒன்று சொல்லுங்கள் அண்ணே, எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்ந்திருந்தால் நல்லது.

பதில்: சேர்ந்திருக்கக் கூடாது.

மீண்டும் திருநகரிலிருந்து: கேபினட்டைத் திறந்து ஸ்டிக்கரைப் பார்த்தேன். வெளியே 400 வாட். உள்ளே 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர்.

பதில்: 168 வாட். டேலிக்குப் போதும், இப்போது மாற்ற வேண்டியதில்லை. கார்டு வாங்கும் அன்று, கார்டைச் செருகுவதற்கு முன் அதைக் கழற்றிவிடுங்கள்.