20 நாள் கணக்கை விடுங்கள், 60 நாள் கணக்கைப் பாருங்கள்

கேள்வி: பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 11 ஆண்டு சூப்பர்வைசர் வேலை, சம்பளம் மாதம் 3,200 வெள்ளி (ரிங்கிட்). இன்னொருவரின் வருகை பதியும் பஞ்ச் கார்டை ஒருநாள் தட்டினேன் என்று விசாரணை வைத்து நீக்கிவிட்டார்கள். தெரியாமல் செய்துவிட்டேன், மன்னியுங்கள் என்று எழுதிக் கொடுத்தும் பயனில்லை. மேனேஜர் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினார். நீக்கி 47 நாள் ஆகிறது. அப்பீல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இப்போது கிராப் செயலியில் வண்டி ஓட்டுகிறேன். அந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன். ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் வாங்கித் தந்தால் போதும். (வாசகர், பிறை)

பதில்: மேனேஜர் பேசியது வலிக்கும். ஆனால் உங்கள் வழக்கு அதில் இல்லை. 47 நாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் இருக்கிறது. இன்னும் 13 நாள்தான் மிச்சம்.

மலேசியாவின் 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, நீக்கிய நாளிலிருந்து மனுப் போட 60 நாள் கொடுக்கிறது. கம்பெனிக்குள் போட்ட அப்பீல் அந்தக் கணக்கை நிறுத்தாது. "ஹெச்.ஆர். பார்க்கிறேன்னு சொன்னாங்க" என்று காத்திருந்து, கெடு தாண்டி வந்தவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் ஒருவர் பக்கம் நியாயம் முழுக்க இருந்தது. இந்த வாரமே தொழிலியல் உறவு இலாகாவுக்குப் போய் மனுவைப் பதியுங்கள்.

நீங்கள் சொல்லும் 20 நாள் கணக்கு 1980-ஆம் ஆண்டு விதிமுறைகளில் இருக்கிறது. ஆள்குறைப்பில் வேலை போனவர்களுக்கு அது. விசாரணை வைத்து, ஒழுங்குமீறல் என்று நீக்கப்பட்டவருக்குக் கிடையாது. உங்களுக்கு உள்ள வழி, நியாயமான காரணமின்றி நீக்கினார்கள் என்று சொல்லி, பழைய வேலையையே திரும்பக் கேட்பது.

பலர் விழுவது இந்த இடத்தில்தான். 20-ஆவது பிரிவில் கேட்பது வேலை. பணம் அதன் நிழலில் வருவது. திரும்ப அமர்த்துவது ஒத்துவராது என்று தொழிலியல் நீதிமன்றம் கருதினால், அதற்கு ஈடாகப் பணம் தரும். "வேலை வேண்டாம், காசு போதும்" என்று நீங்களே எழுதிவிட்டால் கம்பெனி வக்கீலுக்கு வேலை மிச்சம். என்னிடம் வந்த ஒரு பெண்மணி இப்படித்தான் ஹெச்.ஆருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியிருந்தார். இரண்டு நாளில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: திங்கட்கிழமை வேலைக்கு வரவும், அதே சம்பளம். அவர் போகவில்லை. விசாரணையில் அந்த வாட்ஸ்அப் வரியை பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து நீட்டினார்கள். பேச அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை.

அதற்காக மனதில் இல்லாததை எழுதச் சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்து யோசியுங்கள். வேறு மேனேஜர், வேறு லைன் என்றால் போவீர்களா? போவேன் என்று மனம் சொன்னால் மட்டும் மனுப் போடுங்கள். போட்ட பிறகு யாருக்கும் வேறு விதமாகச் செய்தி அனுப்பாதீர்கள், பழைய சகாக்களுக்குக்கூட.

இனி பணம். வேலைக்கு ஈடாக ஆண்டுக்கு 1 மாதச் சம்பளம் தருவது வழக்கம்: 35,200 வெள்ளி. விடுபட்ட சம்பளம் அதிகபட்சம் 24 மாதம்: 76,800. தாளில் 112,000. கைக்கு அவ்வளவு வராது. கிராப் வருமானத்தைக் கழிப்பார்கள். தண்டனை மிகை என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டாலும், உங்கள் மன்னிப்புக் கடிதத்தை வைத்து உங்கள் பங்குக்கும் வெட்டும். நீக்கியது சரியே என்று தீர்ப்பானால் ஒரு வெள்ளியும் இல்லை.

அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன்: இலாகாவின் சமரசக் கூட்டத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். அங்கே வக்கீல் உங்கள் பக்கத்தில் உட்கார முடியாது, ஆகவே கணக்கை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். 10 மாதச் சம்பளம், அதாவது 32,000 வெள்ளி, மேசைக்கு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். 2 மாதம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அதற்குமுன் ஹெச்.ஆர். தனியாகக் கூப்பிட்டு, "ராஜினாமா எழுதிக் கொடுங்க, ரெக்கார்டு சுத்தமா இருக்கும்" என்று தாளை நீட்டலாம். தொடாதீர்கள். மனு பதிவாகி, அதிகாரி முன்னிலையில், தொகையும் அது வந்து சேரும் தேதியும் எழுதியிருக்கும் ஒப்பந்தத்தில்தான் உங்கள் கையெழுத்து விழ வேண்டும்.